மூன்று டாக்டர், மூன்று பெயர்: எதை நம்புவது?

வாசகர் கேள்வி
11 ஜூன் 2024

மகனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. முதலில் பார்த்தவர் ஏடிஹெச்டி (கவனம் நிற்காமை, அடங்காத துறுதுறுப்பு) என்றார். ஒரு வருடம் கழித்து இன்னொருவர் 'எதிர்ப்பு நடத்தை' என்று எழுதினார். போன வாரம் பார்த்தவர் ஓசிடி (வேண்டாத நினைப்பு வந்து, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வது) மாதிரி இருக்கிறது, டிக்ஸும் (தானாக வருகிற கண் சிமிட்டல், தொண்டைச் சத்தம் போன்றவை) இருக்கிறது என்கிறார். ஒரே பிள்ளைக்கு இத்தனை இருக்குமா? யாராவது ஒருவர்தானே சரியாகச் சொல்லியிருக்க வேண்டும்? வீட்டில் எல்லோரும் நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார்கள். அனுபவப்பட்ட அம்மாக்கள் சொல்லுங்கள்.

11 ஜூன் 2024, இரவு 11.40

அம்மாக்களைக் கேட்டிருக்கிறீர்கள். நான் அப்பா. திருச்சி. என் மகனுக்கு இப்போது 12 வயது. 7 வயதிலிருந்து அவன் ஃபைலில் ஐந்து பெயர்கள் ஏறின, இரண்டு இறங்கின. இன்றைக்கு நிற்பவை மூன்று: ஏடிஹெச்டி, டூரெட் (பலவகை டிக்ஸ் ஒரு வருடத்துக்கு மேல் இருப்பது), ஓசிடி.

மூன்று பேர் சொன்னதும் சரியாகவே இருக்கலாம். ஏடிஹெச்டி, டிக்ஸ், ஓசிடி மூன்றும் கூட்டாளிகள். டூரெட் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஏடிஹெச்டியோ ஓசிடியோ, இரண்டுமோ கூடவே இருக்கும். பலருக்கு வருகிற வரிசையும் ஒன்றுதான். முதலில் ஓரிடத்தில் உட்காராத துறுதுறுப்பு, 5, 6 வயதில் கண் சிமிட்டல், அப்புறம் மெல்ல மெல்ல ஓசிடி. அன்றைக்கு எது மேலே தெரிந்ததோ அதை அந்த டாக்டர் எழுதியிருப்பார்.

நான் சந்தேகப்படுவது நடுவில் வந்த பெயரைத்தான். (அதை ஆங்கிலத்தில் சுருக்கி ஓடிடி (ODD) என்று எழுதினால் படம் பார்க்கிற ஓடிடி என்று படித்துவிடுகிறார்கள். என் அண்ணி நிஜமாகவே "அதிகமா படம் பாக்குறானா?" என்று கேட்டார். அதனால் 'எதிர்ப்பு' என்றே எழுதுகிறேன்.) அது ஒரு உண்மையான நோய்ப்பெயர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளை எதற்காக எதிர்க்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்லாது.

பெயரை விடுங்கள். பிள்ளை கத்துவதற்கு முந்தின ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.

12 ஜூன் 2024, காலை

செல்லம் பற்றிக் கேட்டதற்கு நேற்று பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். செல்லத்தால் வருவதில்லை. டிக்ஸும் ஓசிடியும் குடும்பத்தில் ஓடும். என் அப்பாவுக்கு ஆயுசு முழுக்க இடது தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. ஊரில் "தோள்குலுக்கியார் வீடு" என்றே அடையாளம் சொல்வார்கள். வெளியே கிளம்பினால் நானும் தெருமுனை வரை போய்விட்டு சிலிண்டரை மூடினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். பிள்ளை எங்கிருந்து எடுத்துக்கொண்டான் என்று எங்களுக்குத் தெரிய இவ்வளவு காலம் ஆகியிருக்கக் கூடாது.

14 ஜூன் 2024

'முந்தின ஐந்து நிமிடம்' என்றால் என்ன என்று கரூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2021 டிசம்பர். கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்து ஒரு மாதம். காலை 8.10. வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. நான் இரவு ஷிப்ட் முடித்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நிற்கிறேன். இவன் வாசல் கதவருகே நின்று தாழ்ப்பாளைத் தொடுகிறான். பழைய பித்தளைத் தாழ்ப்பாள். முழுக்கக் கறுத்துப்போய், அவன் கட்டைவிரல் படுகிற நுனி மட்டும் பளபளவென்று தங்கம் மாதிரி இருக்கும். தொடுகிறான், எடுக்கிறான், தொடுகிறான். மறுபடி முதலிலிருந்து. நான் "போதும்டா" என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை கையைப் பிடித்து இழுத்தேன். அவன் என் மணிக்கட்டைக் கடித்தான். ரத்தம் வந்தது. நான் அறைந்தேன். அவன் புத்தகப்பையைத் தூக்கி டிவி மேல் எறிந்தான்.

அன்றைக்குத்தான் 'எதிர்ப்பு' என்ற பெயருக்கு அடியில் நாங்கள் கையெழுத்துப் போட்டது மாதிரி ஆனது. "அப்பாவையே கடிக்கிறான்" என்று டாக்டரிடம் சொன்னோம். தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லவே இல்லை. அது ஒரு விஷயமாகவே எங்களுக்குத் தோன்றவில்லை.

11 மாதம் கழித்து, பெங்களூரு நிம்ஹான்ஸில் (மத்திய அரசின் மனநல ஆஸ்பத்திரி) இரண்டாவது முறை பார்த்தபோது, அந்த இளம் டாக்டர் எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு அவனிடம் மட்டும் பேசினார். பிறகு அவன் சம்மதத்தோடு எங்களிடம் சொன்னார். நான்கு முறை சரியாகத் தொடாவிட்டால் இரவு ஷிப்டில் அப்பா மேல் இரும்பு விழுந்து அப்பா செத்துப்போவார். இதுதான் அவன் மனதில் ஓடியது. அவன் ஒரு வருடமாக என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அந்த வேலையின் நடுவில் நான் கையைப் பிடித்து இழுத்து அறைந்திருக்கிறேன்.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

15 ஜூன் 2024

மாத்திரை பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் அனுபவம் மட்டும். அளவு, பெயர் எல்லாம் உங்கள் டாக்டரிடம்தான்.

ஏழரை வயதில் ஏடிஹெச்டிக்கு மெதில்ஃபெனிடேட் தொடங்கினார்கள். இந்த மருந்து ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் வருகிறது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். அதனால் எல்லா மெடிக்கலிலும் வைத்திருக்க மாட்டார்கள். புத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் வைத்திருக்கிற கடையைப் பிடித்தோம். தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவைப்பது பழகிவிட்டது.

பலன் இருந்தது. வகுப்பில் உட்கார்ந்தான். ஆனால் மத்தியானச் சாப்பாடு டப்பாவில் அப்படியே திரும்பி வந்தது. நான்கு மணிக்கு மருந்து இறங்குகிற நேரம் பசியும் எரிச்சலும் சேர்ந்து வீட்டையே புரட்டிப்போடும். அதற்கு நாங்கள் கண்ட வழி: காலையில் மாத்திரைக்கு முன்னால் நாலு இட்லி, நாலு மணிக்கு வந்ததும் கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு முட்டை தோசை, இரவு ஒன்பதுக்கு இன்னொரு சாப்பாடு.

இந்த மாத்திரையால்தான் அவனுக்கு டிக்ஸ் வந்தது. அதனால் டிக்ஸ் உள்ள பிள்ளைக்கு இதை யோசித்துக் கொடுங்கள்.

16 ஜூன் 2024

நேற்று எழுதியதில் கடைசி வரி தவறு. அழிக்காமல் விடுகிறேன், நான் எங்கே தவறினேன் என்று தெரியட்டும்.

இன்று என் மனைவி அதைப் படித்துவிட்டு பழைய போனைச் சார்ஜ் போட்டு ஒரு வீடியோவைக் காட்டினாள். 2017 அக்டோபர், அவனுடைய ஆறாவது பிறந்தநாள். கேக்குக்கு முன்னால் நிற்கிறான். எல்லோரும் பாடுகிறார்கள். இவன் இரண்டு கண்ணையும் இறுக்கி இறுக்கி மூடித் திறக்கிறான், அப்புறம் தொண்டையில் ஒரு 'க்ஹும்'. மாத்திரை தொடங்கியது அதற்கு ஒன்றரை வருடம் கழித்து. கண் சிமிட்டலுக்கு கண் டாக்டரிடம் போனோம், க்ஹும்முக்கு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் எட்டு மாதம் அலர்ஜி சிரப் கொடுத்தோம். அதெல்லாம் என் நினைவிலிருந்து எப்படிப் போனதோ தெரியவில்லை.

மெதில்ஃபெனிடேட் போன்ற ஊக்க மருந்து டிக்ஸைக் கிளப்பும் என்று முன்பு டாக்டர்களும் பயந்தார்கள். ஏடிஹெச்டியும் டிக்ஸும் உள்ள பிள்ளைகளை வைத்தே அமெரிக்காவில் செய்து 2002இல் வெளியான ஆய்வில், மருந்து கொடுத்த பிள்ளைகளுக்கு டிக்ஸ் கூடவில்லை. டிக்ஸ் தானாகவே ஏறி இறங்கும், சில வாரம் காணாமல்போய் வேறு உருவத்தில் வரும். ஏறுகிற நேரத்தில் என்ன கொடுத்திருந்தாலும் பழி அதன்மேல் விழும். உங்கள் பிள்ளைக்குக் கூடினால் டாக்டரிடம் சொல்லுங்கள், சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகும். ஆனால் நான் எழுதியதைப் படித்து யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

16 ஜூன் 2024, மாலை

டூரெட் என்றால் கெட்ட வார்த்தை பேசுவதுதானே என்று ஒருவர். இல்லை. அது மிகச் சிலருக்குத்தான். அசைவு டிக் பலவும் சத்த டிக் ஒன்றாவதும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் அந்தப் பெயர், அவ்வளவுதான். 10, 12 வயதில் உச்சத்துக்குப் போய், வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். எங்கள் ஆள் இப்போது உச்சத்தில் இருக்கிறார்.

23 ஜூன் 2024

கொரோனா சமயம் பற்றிச் சொல்ல வேண்டும். 2020இல் நாடே கை கழுவியது. இவனும் கழுவினான். இருபது விநாடி என்று டிவியில் சொன்னார்கள், இவன் நான்கு தடவை இருபது விநாடி கழுவினான். "எங்க பேரன் எவ்வளவு பொறுப்பா இருக்கான் பாரு" என்று அப்பாயிக்குப் பெருமை. விரல் இடுக்கில் தோல் வெடித்து சிவந்தபோது தேங்காய் எண்ணெய் தடவிவிட்டோம். ஓசிடி எங்கள் கண்முன்னால்தான் வளர்ந்தது. எல்லோரும் செய்கிற காரியத்துக்குள் ஒளிந்துகொண்டது.

அதேபோலத்தான் நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும். அப்பாயி அதைப் பக்தி என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வித்தியாசம் எங்கே என்றால், சாமி கும்பிட்டு முடித்தால் முகம் தெளியும். இவன் முடிக்கும்போது வியர்த்திருப்பான்.

இன்னொன்று, நோட்டு. மூன்றாம் வகுப்பிலிருந்து "எழுத்து மெதுவாக இருக்கிறது, நோட்டைக் கிழிக்கிறான்" என்று பள்ளியில் புகார். எழுதுவதில் கற்றல் குறைபாடு என்று ஒரு இடத்தில் எழுதினார்கள். அது ஐந்தில் இறங்கிப்போன பெயர்களில் ஒன்று. பெங்களூரில் அந்த நோட்டை டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பக்கத்துக்கு நாலு இடத்தில் ரப்பர் தேய்த்துத் தேய்த்து ஓட்டை. கிழித்தது இல்லை, தேய்ந்தது. 'ழ' வின் சுழி சரியாக வரவில்லை என்று அழித்து எழுதி அழித்து எழுதி, தாள் போய்விட்டது. "மெதுவா எழுதலைங்க, ஒரே எழுத்தை எட்டுத் தடவை எழுதியிருக்கான்" என்றார். எங்களுக்கு ஒரே ஓட்டையில் மூன்று டாக்டர்கள் மூன்று காரணம் பார்த்தார்கள்: கவனம் இல்லை, எழுத வரவில்லை, வேண்டுமென்றே கிழிக்கிறான்.

ஓசிடி எவ்வளவு என்று பார்க்க ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, மொத்தம் 40. கூடக் கூட நோய் கடுமை. இவனுக்கு 27. வெளியே வந்ததும் "27னா பாஸா அப்பா?" என்றான். திரும்பி வருகிற ரயிலில் அதைச் சொல்லிச் சொல்லி மூன்று பேரும் சிரித்தோம். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தோம்.

24 ஜூன் 2024

தாழ்ப்பாளைப் பற்றி மறுபடி.

14ஆம் தேதி எழுதியதைப் படித்தால் அது முழுக்க ஓசிடி என்று தோன்றுகிறது. நேற்று நோட்டைப் பற்றி எழுதிவிட்டுப் படுத்தபோது தூக்கம் வரவில்லை. நான்கு முறை தொட எத்தனை நேரம் ஆகும்? மூன்று விநாடி. அவன் ஏன் பத்து நிமிடம் நின்றான்?

காலையில் அவனிடமே கேட்டேன். நிதானமாகச் சொன்னான். தொடும்போது நடுவில் கண் சிமிட்டிவிட்டால் கணக்கில் வராது, முதலிலிருந்து. எத்தனை தொட்டோம் என்று மறந்துபோனாலும் முதலிலிருந்து. வேன் ஹாரன் அடித்தால் மனசு அங்கே போய்விடும், மறுபடி முதலிலிருந்து.

ஓசிடி நான்கு கேட்கிறது. டிக் நடுவில் வந்து கெடுக்கிறது. ஏடிஹெச்டி எண்ணிக்கையை மறக்கடிக்கிறது. வேன் நிற்கிறது, அப்பா இழுக்கிறார், பிள்ளை கடிக்கிறான், அதற்கு ஒரு பெயர். நான்கு பெயரும் அந்தத் தாழ்ப்பாள் நுனியில்தான் இருந்தன. கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதுதான். யார் சொல்வது சரி என்று கேட்காதீர்கள், இவை ஒன்றை ஒன்று எப்படித் தள்ளிவிடுகின்றன என்று டாக்டரிடம் கேளுங்கள்.

7 ஜூலை 2024

தெரபியில் என்ன செய்தார்கள் என்று கேட்டவர்களுக்கு. மாத்திரையும் உண்டு, செர்ட்ரலின். அது ஓசிடிக்கு வேலை செய்ய 10, 12 வாரம்கூட ஆகலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். 2004இல் வந்த ஓர் ஆய்வில் 112 பிள்ளைகளைப் பிரித்து, சிலருக்கு மாத்திரை மட்டும், சிலருக்கு தெரபி மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் சேர்த்துக் கொடுத்தவர்களில்தான் அதிகம் பேர், பாதிக்குச் சற்று மேல், ஏறக்குறைய முழுசாகத் தேறினார்கள். தெரபி மட்டும் என்றால் பத்தில் நான்கு பேர். அதனால் மாத்திரையோடு நிறுத்திவிடாதீர்கள்.

ஆனால் தெரபி என்றால் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பேப்பர் படிக்கிற வேலை என்று நினைத்திருந்தேன். முதல் பாடம் எங்களுக்குத்தான் நடந்தது.

இவன் சாயங்காலம் முழுக்கக் கேட்பான்: "அம்மா, கை சுத்தமா? அப்பா நல்லா இருக்காரா? போன் பண்ணிப் பாத்தியா?" அவளும் பதில் சொல்வாள். பாவம், பிள்ளை பயப்படுகிறானே என்று. ஒரு நாள் எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். அவள் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புளியங்கொட்டையை டம்ளரில் போட்டாள். ஒரே சாயங்காலம் 63 கொட்டை. 63 முறை அவள் சமாதானம் சொல்லியிருக்கிறாள், 64ஆவது முறை அவன் கேட்கத்தான் போகிறான். சமாதானம் பயத்துக்குப் போடுகிற தீனி என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அன்புதான், ஆனால் நோய்க்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தோம்.

பதில் சொல்வதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. பிள்ளையோடு பேசி, அவனும் ஒப்புக்கொண்ட பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக. தாழ்ப்பாளுக்கும் அப்படித்தான். நான்குக்குப் பதில் மூன்று. மூன்று வாரம் கழித்து ஒன்று. அப்புறம் தொடாமல் வாசலைத் தாண்டி, திண்ணையில் உட்கார்ந்து பயம் தானாக இறங்கும்வரை பொறுத்திருப்பது. பயத்துக்கு 10க்கு மார்க் போடுவான். முதல் நாள் 9இல் தொடங்கி 3க்கு வர 40 நிமிடம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் சொல்லாமல். அந்த 40 நிமிடம் "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுடா" என்று சொல்லாமல் இருந்ததுதான் நான் இதுவரை செய்ததிலேயே கஷ்டமான வேலை. இருபது நாளில் அது ஆறு நிமிடம் ஆனது.

9 ஜூலை 2024

டிக்ஸுக்கு இது பொருந்தாது, அது வேறு. டிக் வருமுன் உடம்பில் ஒரு நமைச்சல் வரும், அதைக் கவனித்து அதற்கு எதிரான ஓர் அசைவைச் செய்யப் பழக்குகிறார்கள். வீட்டில் நாங்கள் செய்வது ஒன்றே ஒன்று: பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பது. "சிமிட்டாதே" என்றால் கூடும். பள்ளியில் அடக்கி அடக்கி வைத்து, வீட்டுக்கு வந்து மொத்தமாக விடுவான். அது வீட்டின் மேல் உள்ள நம்பிக்கை என்று எடுத்துக்கொள்கிறோம்.

இதில் எங்கள் வீட்டிலேயே கெட்டிக்காரர் அப்பாயி. அவன் க்ஹும் க்ஹும் என்பான், அவர் பாட்டுக்கு முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். தோள்குலுக்கியாரோடு 50 வருடம் குடும்பம் நடத்தியவர்.

18 ஆகஸ்ட் 2024

முதல் நாள் 'பெயரை விடுங்கள்' என்று எழுதினேன். இரண்டு மாதமாக அது உறுத்துகிறது. தவறாகச் சொல்லிவிட்டேன்.

ஒன்று, சட்டத்துக்குப் பெயர் வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது, மனநோய் இருக்கிறது. ஏடிஹெச்டி தனியாக இல்லை, டூரெட்டும் இல்லை. பத்தாம் வகுப்பில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் என்று கிடைக்கிற சலுகைகளுக்கு எந்தப் பெயரில் சான்று வாங்குகிறோம் என்பது முக்கியம். கற்றல் குறைபாடு இல்லை என்று பரிசோதனையில் தெரிந்த அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சலுகை போச்சே என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியும் நினைக்க வைத்துவிடுகிறது இந்த ஓட்டம்.

இரண்டு, பிள்ளைக்குப் பெயர் வேண்டும். பெயர் தெரியும்வரை அவன் தன்னைக் கெட்ட பையன் என்றே நம்பினான். "எனக்குள்ள ஏன் கெட்ட நினைப்பு வருது" என்று யாரிடமும் கேட்க முடியாமல் இரண்டு வருடம் இருந்திருக்கிறான். ஓசிடி என்று ஒன்று இருக்கிறது, இது உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வருகிறது என்று டாக்டர் சொன்னபோது அவன் தோள் அரை அடி இறங்கியதை நான் பார்த்தேன்.

தெரபியில் அதற்கு நீயே ஒரு பெயர் வை என்றார்கள். மற்ற பிள்ளைகள் பேய், பூதம் என்று வைப்பார்களாம். இவன் வைத்தது 'கணக்குப்பிள்ளை'. எப்போதும் எண்ணிக்கொண்டே இருப்பதால். இப்போது வீட்டில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். இவன் கேள்வி கேட்டால் அவன் அம்மா, "இது கணக்குப்பிள்ளை கேட்கிறது, அவருக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்" என்பாள். சில நாள் காலையில் அவனே வந்து சொல்வான்: "இன்னைக்குக் கணக்குப்பிள்ளை லீவு."

18 ஆகஸ்ட் 2024, இரவு

பெயர் மாறினால் முதல் டாக்டர் ஏமாற்றினார் என்று நினைக்க வேண்டாம் என்பதற்கு ஒன்று சேர்க்கிறேன். பெயர்களின் விதிகளே மாறுகின்றன. ஏடிஹெச்டியும் ஆட்டிசமும் ஒரே பிள்ளைக்கு எழுதக் கூடாது என்றுதான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2013 வரை இருந்தது. அந்த வருடம் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் சேர்த்து எழுதலாம் என்றார்கள். அதற்கு முன்பும் இரண்டும் உள்ள பிள்ளைகள் பிறந்துகொண்டுதானே இருந்தார்கள்.

6 அக்டோபர் 2024

மகளைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று மனைவி சொன்னாள். 8 வயது. அண்ணன் கத்தும்போது தானாகவே எழுந்து ஜன்னலைச் சாத்துவாள், தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. போன மாதம் முழுக்க வயிற்று வலி என்றாள், ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. இப்போது ஞாயிறு காலை அவளும் நானும் மட்டும் முக்கொம்பு போகிறோம். வயிற்று வலி குறைந்திருக்கிறது.

22 நவம்பர் 2024, இரவு 2.15

தனியாகக் கேட்டவருக்கும், கேட்காமல் படிக்கிறவர்களுக்கும்.

"நான் இல்லாமப் போயிட்டா நல்லா இருக்கும்" என்று பிள்ளை சொன்னால் சும்மா சொல்கிறான் என்று விடாதீர்கள். செர்ட்ரலின் தொடங்கிய மூன்றாவது வாரம் எங்கள் பிள்ளை சொன்னான். இந்த வகை மருந்து சில பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலும் அளவு மாற்றும்போதும் படபடப்பையும் இப்படிப்பட்ட எண்ணத்தையும் கொண்டுவரலாம் என்று அமெரிக்காவில் மருந்தின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட 2004இலேயே உத்தரவிட்டார்கள். எங்களுக்கும் முன்பே சொல்லியிருந்தார்கள், அதனால் காலைவரை காத்திருக்கவில்லை. 14416க்கு அடித்தோம். டெலி மானஸ், அரசு சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுகிறார்கள். காலையில் டாக்டர் அளவைக் குறைத்தார், பிறகு மெதுவாக ஏற்றினார். மருந்துப் பெட்டி அன்றிலிருந்து பீரோவில், பூட்டி. நிஜமாகவே ஆபத்து என்று தோன்றினால் போனோடு நிற்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

12 ஜனவரி 2025

கோவிலுக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டவருக்கு. எங்கள் அம்மா குணசீலம் போக வேண்டும் என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திருச்சிக்குப் பக்கம்தான், மனநலம் கெட்டவர்களை 48 நாள் தங்க வைக்கிற கோவில். மாத்திரையை நிறுத்துவதில்லை, தங்குவதில்லை என்று பேசிக்கொண்டு ஒரு நாள் போய் வந்தோம். முகத்தில் தீர்த்தம் தெளித்தார்கள். இவனுக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்கு நிம்மதி. அம்மாவின் நிம்மதியும் எங்கள் வீட்டுக்குத் தேவைதான்.

20 ஏப்ரல் 2025

முதல் கேள்வி கேட்டவர் பத்து மாதம் கழித்து வந்திருக்கிறார். மே மாதம் பெங்களூருக்கு நேரம் வாங்கியிருக்கிறாராம், என்ன எடுத்துப்போக வேண்டும் என்று கேட்கிறார்.

பழைய சீட்டுகள் எல்லாம், தேதி வரிசையில். எந்த மருந்து எப்போது தொடங்கி எப்போது நிறுத்தியது என்று ஒரே தாளில். போனில் இருக்கிற பழைய வீடியோக்கள், குறிப்பாகப் பிள்ளை கவனிக்காதபோது எடுத்தவை. டாக்டர் முன்னால் அரை மணி நேரம் டிக்கை அடக்கிவிடுவார்கள். பிள்ளை கத்தின நாட்களின் முந்தின ஐந்து நிமிடக் குறிப்பு, அழகாக எழுத வேண்டாம். பால் கணக்கு எழுதுகிற தாளில் இருந்தாலும் போதும்.

நோட்டு கேட்டால் அட்டை போட்ட புது நோட்டை எடுத்துப்போகாதீர்கள். போன வருடத்துக் கணக்கு நோட்டு, தமிழ் நோட்டு, ஓட்டை விழுந்தது, கறை பட்டது, பாதியில் விட்டது. நாங்கள் வெட்கப்பட்டுக்கொண்டு முதல் தடவை அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனோம். இரண்டாவது தடவை அவன்தான் பையில் எடுத்து வைத்திருந்தான்.

முடிந்தால் கீழ் பெர்த் போடுங்கள். ஜன்னல் பிடித்துக்கொண்டு வந்தால் பாதி ராத்திரி சமாளித்துவிடலாம்.